முறைக்காரன்

எங்கள் ஊரில் என்னை முறைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கால்வாயில் வரும் தண்ணீரை வாழைத் தோட்டங்களுக்கு முறை வைத்துத் திருப்பிவிடுவது என் வேலை. ஒரு தோட்டத்தின் முறை முடிந்ததும் அதன் மடையை அடைத்துவிட்டு அடுத்த மடையைத் திறக்க வேண்டும். யாரோடும் அதிகம் பேச வேண்டியிருக்காது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. பேசுகிறவர் முகத்தைப் பார்க்கவும் வராது. தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவேன். தண்ணீருக்கு அது போதும்.

அப்படிப்பட்டவனைப் பார்த்துத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஊரே ‘ஏன் முறைக்கீரு?’ என்று கேட்டது.

முதலில் கேட்டவள் என் மனைவி. பெண் பார்க்கப் போவதற்கே வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தியதில் எனக்குக் கல்யாணம் ஆகும்போது முப்பத்தாறு வயது. தை மாதம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவள் வந்தாள். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் மாதங்களில் அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கூடத்தில் உட்கார்ந்து அவள் முருங்கைக் கீரை உருவுகிற சத்தம்கூட எனக்குப் பேச்சு மாதிரி இருக்கும். வாழ்க்கை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள்.

“நான் என்ன தப்பு செஞ்சுட்டேன்? எதுக்கு இப்படி முறைக்கீய?”

“நான் முறைக்கலையே.”

“இந்தா, இப்பவும் முறைக்கீய.”

நான் ரசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அந்தக் கோடை எனக்கு ஒரு நீண்ட கனவைப் போலத்தான் நினைவிலிருக்கிறது. எல்லாம் வேகமாக நடந்தது. எதுவும் நடக்காதது போலவும் இருந்தது. மண்வெட்டியைப் பிடித்தால் காம்பு என் கைக்குள் நடுங்கும். நடுங்குவது காம்பா கையா என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். நெஞ்சு எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் யாரோ என்னைத் துரத்துகிற மாதிரி இருக்கும். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். வெயில் என் மேல் மட்டும் தனியாக விழுகிறதோ என்று தோன்றும். மத்தியானங்களில் கால்வாயில் இறங்கிக் கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்துவிடுவேன். அப்போது மட்டும் கொஞ்சம் ஆறும். மேலே வாழை இலைகள் காற்றில் கிழிந்து நார் நாராக ஆடிக்கொண்டிருக்கும். தண்ணீர் என்னைத் தாண்டிப் போகிறதா, நான்தான் தண்ணீருக்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கிறேனா என்று தெரியாது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். கசக்கினால் இன்னும் உறுத்தும்.

பசியோ சொல்லி முடியாது. அவள் வடிக்கிற சோறு முழுவதையும் நானே தின்றுவிட்டு, மறுபடி அடுக்களைப் பக்கம் பார்ப்பேன். தின்னத் தின்ன இளைத்தேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டேன்.

கழுத்தை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்ச் சலூன்காரர். சவரம் செய்யும்போது கத்தியை எடுத்துவிட்டு என் தொண்டையையே பார்த்தார்.

“எச்சிலை முழுங்கும் பாப்போம்.”

முழுங்கினேன்.

“ஏறி இறங்குதுவே. கழுத்துல என்னமோ பெருத்திருக்கு. அதோட துடிக்க வேற செய்யுது. நான் எங்கன கத்தி வைக்க? இப்படித் துடிச்சா ஒம்ம கழுத்தை நான் அறுத்தேன்னு போலீசு வந்துரும்.”

நான் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியில் ஒருவன் என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.

“கழுத்துப் பெருத்தா பாக்கெட் உப்பு திங்கணும்வே. ரேடியோவில சொல்லுதான் கேக்கலையா? நம்ம தூத்துக்குடிக் கல்லுப்புல அந்தச் சத்து கெடையாதாம்” என்றார் அவர். அவர் சொன்னால் ஊரில் எல்லாரும் கேட்பார்கள். நானும் அயோடின் உப்பு வாங்கிக் குழம்பிலும் மோரிலும் அள்ளிப் போட்டேன். மனைவி வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். எனக்கு ஒன்றும் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

ஆடி பிறக்கும் முன்னால் அவள் தம்பி வந்து அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனான். புதுப் பெண்ணை ஆடியில் தாய் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். ஆவணி பிறந்ததும் திரும்ப அனுப்பிவிடுவார்கள். புது மருமகனுக்கு ஒருநாள் விருந்து வைத்துத் துணி எடுத்துக் கொடுப்பார்கள். அந்த விருந்துக்கு நானும் போனேன்.

நடுவீட்டில் இலை போட்டிருந்தார்கள். மாமியார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார். “மருமவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையிட்டி.” வைத்தாள். தின்றேன். “அவியல் வையிட்டி.” தின்றேன். மறுபடி சோறு. மைத்துனன் தன் இலையை மூடிவிட்டு என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை தானாகப் போயிற்று. கடைசியில் பாயசத் தம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கிப் பாதி பாயசம் புது வேட்டியில் கொட்டியது.

கை கழுவப் புறவாசலுக்குப் போனபோது மைத்துனன் பின்னாலேயே வந்தான். பையன் இல்லை அவன்; இருபத்தைந்து வயது, பஸ் நிலையத்துப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான்.

“அத்தான், தப்பா நெனைக்கக் கூடாது. வாயைக் கொஞ்சம் ஊதுங்க.”

ஊதினேன். அவன் மூக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்தான்.

“ஏலக்காய் வாடை வருதே.”

“பாயசத்துல…”

“குடிச்சிட்டு வாறவன் எல்லாம் ஏலக்காயத்தான் மெல்லுவான், அத்தான். என் கடைக்குப் பக்கத்துல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். கை நடுங்குது, கண்ணு பிதுங்கி நிக்குது, வேர்த்து ஊத்துது. பெறவு என்ன?”

நான் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன், “முறைக்காதீங்க அத்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அடுக்களை ஜன்னலில் என் மனைவி நின்றிருந்தாள். நான் பார்த்ததும் விலகிக்கொண்டாள்.

ஆவணி பிறந்தது. அவள் வரவில்லை. ஸ்ரீவைகுண்டத்துச் சந்தைக்குப் போய்வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள்: “பெறவு பாப்போம்.” அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் இருந்தது. அவள் கட்டி வைத்திருந்த கொடியில் என் துண்டு மட்டும் தொங்கியது. மாலையில் கால்வாய்க் கரையில் நின்றால் கீழ்த்திசையில், ஆறு போகிற பக்கம், ஸ்ரீவைகுண்டம். இங்கே நான் திறந்துவிடுகிற தண்ணீரில் மிச்சம் வடிந்து ஆற்றில் விழுந்து அவள் துணி துவைக்கும் படித்துறைக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொள்வேன். தண்ணீர் எதையும் எடுத்துப் போய்ச் சொல்லாது.

சலூன்காரர்தான் மறுபடி என்னைப் பிடித்து உட்கார வைத்தார். “உப்பெல்லாம் சவத்த விடும். நீரு ரொம்ப ஒடுங்கிட்டீரு. வண்ணார்பேட்டையில கழுத்துக்குப் பாக்குற லேடி டாக்டர் இருக்காவளாம். போயிட்டு வாரும். வேலையை நான் ஆள் வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மாடியில் இருந்தது அந்த இடம். வெளியே ஒரு பெஞ்சு, மேலே ஒரு மின்விசிறி. நான் அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், அந்த வெயிலில், கம்பளிச் சட்டை போட்டுச் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டிருந்தார். முகம் உப்பியிருந்தது. பேச்சு மெதுவாக, தூரத்திலிருந்து வருவது போல வந்தது.

“அண்ணாச்சி… அந்த ஃபேனைக் கொஞ்சம் நிப்பாட்டுதீயளா? குளுருது.”

நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. எழுந்து போட்டேன்.

“அண்ணாச்சி.”

நிறுத்தினேன்.

மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் சிரித்துவிட்டாள். “ரெண்டு பேரும் ஒரே வியாதிக்காரவதான். இப்படித்தான் தினமும் ஃபேனுக்குச் சண்டை நடக்கும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனபோது டாக்டரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

டாக்டருக்கு என் வயது இருக்கும். “மொதல்ல உங்களைப் பாப்போம், பெறவு சொல்லுதேன்” என்றார். என் கண்ணுக்கு நேரே விரலை நீட்டி, “என்னையே பாருங்க அண்ணாச்சி. விரல் போற பக்கம் கண்ணு மட்டும் போகணும்” என்றார். ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக அவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது. எனக்கு இன்னும் வேர்த்தது. கையை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் உயிருள்ளது மாதிரி துடித்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். அது வெளியூருக்குப் போய்ச் சோதனையாகி வர வேண்டும் என்றார்கள். முடிவு வந்த பிறகு மறுபடி போனேன். அன்றைக்கு அவர் அவசரப்படாமல் எனக்குச் சொன்னார்.

“கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுல ஊறுற சாரம்தான் முடிவு பண்ணும். அதுக்கு மேல ஒரு அதிகாரி. மூளைக்கு அடியில இருக்கு, கடலை அளவுதான். சாரம் போதலைன்னா அங்கேருந்து ஒரு ஆள் வருவான். கழுத்துச் சுரப்பியில அவனுக்குன்னு வாசல் இருக்கு. ஏற்பின்னு சொல்லுவோம். அதுல அவன் வந்து உக்காந்தா சுரப்பி சுரக்கும். போதும்னா ஆள் வர மாட்டான். சுரப்பி அடங்கிரும்.”

நான் தலையாட்டினேன்.

“நோய்க்கிருமி வந்தா பிடிக்கிறதுக்கு உடம்பு எதிர்ப்பொருள்னு ஒண்ணு செய்யும். காவக்காரன் மாதிரி. உங்க உடம்புல அந்தக் காவக்காரன்ல ஒருத்தன் ஆளை மாத்தி நெனைச்சுட்டான். சொந்த வாசலையே அந்நியம்னு நெனைச்சுப் போயி அதுல உக்காந்துட்டான்.”

“உடைச்சுட்டானா?”

“அதான் இல்ல. அதிகாரியோட ஆள் உக்காருத மாதிரியே உக்காந்துட்டான். வாசலுக்கு வித்தியாசம் தெரியலை. சொரந்துக்கிட்டே இருக்கு. மேல இருக்கவர் போதும் போதும்னு ஆள் அனுப்புறதையே நிறுத்திட்டாரு. உங்க ரத்தத்துல பாத்தோம், அவரோட ஆள் ஒருத்தன்கூட இல்ல. ஆனா இவன் எந்திரிக்க மாட்டேங்கான்.”

“அன்னைக்கு ஃபேனை நிப்பாட்டச் சொன்ன அம்மாவுக்கு?”

“அவுகளுக்கும் அதே தப்புதான், வேற மாதிரி. சில பேருக்கு அந்தக் காவக்காரன் வாசலை அடைச்சுக்கிட்டு உக்காந்துருவான். சரியான ஆள் வந்தாலும் உள்ள விட மாட்டான். சில பேருக்குச் சுரப்பியையே அரிச்சுரும். அப்ப உடம்பு அடங்கிப் போயிரும். குளுரும், மந்தமாகும்.”

“எதுக்கு இப்படி?”

“முழுசா யாருக்கும் தெரியாது. பொம்பளையளுக்குத்தான் கூடுதலா வரும்.”

எனக்கு அதில் வேறு வெட்கமாகப் போயிற்று. உப்பு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்துக்கொண்டார். “உப்புச் சத்து இல்லாம கழுத்துப் பெருக்குறது வேற, இது வேற. எரியுத அடுப்புக்கு வெறகு போட்டிருக்கீங்க. சாதாரணமா எல்லாரும் சாப்பிடுத அளவு போதும்.”

கடைசியாகக் கண்ணைப் பற்றிக் கேட்டேன். அதற்காகத்தான் நான் வந்ததே.

“கண்ணுக்குப் பின்னால இருக்க சதையிலயும் அதே மாதிரி வாசல் இருக்குன்னு இப்பச் சொல்லுதாங்க. அங்கயும் போயித் தொந்தரவு பண்ணுது. சதை வீங்கிக் கண்ணை முன்னால தள்ளுது. மாத்திரையில கை நடுக்கம், படபடப்பு எல்லாம் அடங்கும். கண்ணு… பாப்போம். கொஞ்சம் உள்ள வாங்கலாம். அப்படியே நின்னாலும் நின்னுரலாம்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பும்போது மனசுக்குள் கால்வாயும் கழுத்தும் ஒன்றாகிக் கலங்கின. மேலே அணையில் அடைக்கச் சொல்லிவிட்டார்கள். கீழே யாரோ மடைப்பலகை இறங்காதபடி அதன் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறான். வாழையெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்க்க நினைத்தேன். அவன் திருடன் இல்லை. ஊருக்குக் காவல் காக்கிறவன். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. எழுந்து போ என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. மெதுவாக, யாரோ என் நெஞ்சின் ஓட்டத்தைப் பைய இழுத்துப் பிடிக்கிற மாதிரி. புரட்டாசி முடிவதற்குள் மண்வெட்டிக் காம்பு நடுங்குவதை நிறுத்தியிருந்தது. பசி சாதாரணப் பசியாக ஆனது. ஆனால் கண்ணாடியில் இருந்தவன் முறைத்துக்கொண்டேதான் இருந்தான்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து விட்ட மறுநாள் ஸ்ரீவைகுண்டம் போனேன். டாக்டர் சொன்னதை எல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வீட்டில் மைத்துனன்தான் கதவைத் திறந்தான். உட்காரச் சொன்னான். மனைவி உள்ளே நின்றாள், வெளியே வரவில்லை.

“எனக்கு வியாதி” என்று தொடங்கினேன். “கழுத்துல ஒரு வாசல் இருக்கு. அதுல காவக்காரன் ஒருத்தன் தப்பா வந்து உக்காந்துட்டான்.”

“எந்த வாசல்ல அத்தான்?”

“இங்கன, கழுத்துல.”

“கழுத்துல காவக்காரனா?”

“அவன் ஆள் மாறி வந்துட்டான். மேல அதிகாரி ஆள் அனுப்பலை. ஆனாலும் இவன் எந்திரிக்க மாட்டேங்கான்.”

மைத்துனன் உள்ளே திரும்பி, “எம்மா, காலையிலயே ஆரம்பிச்சாச்சு” என்றான்.

சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைக்கூட எடுத்துக் காட்டத் தோன்றவில்லை. போய்விடலாம் என்று எழுந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல், “வந்த மனுசன் சாப்பிடாமப் போவக் கூடாது” என்றது. சாப்பிட்டேன். ஒரே தடவைதான் சோறு வாங்கினேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மைத்துனன் ஒரு பாயைத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போவதற்காகக் குடை தேடினான். நான் பாயில் சாய்ந்தேன்.

பல மாதங்களுக்குப் பிறகு ஓடாத நெஞ்சோடு ஒரு தூக்கம். அதில் நான் தண்ணீருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். மேலே வெளிச்சம் அலைந்தது. அலையும் வெளிச்சத்தில் ஒன்றன் பின் ஒன்றாக முகங்கள் வந்து குனிந்தன. ஒரு கை இப்படியும் அப்படியும் போனது, மீன் போவது மாதிரி. ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் கண்ணீர் தண்ணீரில் விழுந்தும் கலங்காமல் தனியாக இறங்கி வந்தது.

விழித்தேன். முகங்கள் அப்படியே இருந்தன. மைத்துனன் என் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிக்கொண்டிருந்தான். மாமியார், முதல் தடவையாக, கதவைத் தாண்டி வெளியே வந்து நின்றிருந்தார். என் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப முழிச்சிருக்காரா, தூங்குதாரா?” என்று மைத்துனன் கேட்டான்.

“முழிச்சுட்டாக. கொறட்டை நின்னுட்டுல்லா” என்றாள் அவள்.

நடந்ததை அவர்கள்தான் சொன்னார்கள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிய மைத்துனன் நான் அவனை முறைத்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறான். ‘என்ன அத்தான்?’ என்று கேட்டிருக்கிறான். பதிலுக்குக் குறட்டை வந்திருக்கிறது. பயந்துபோய் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறான். கண் பாதி திறந்தபடி, விழி மேலே சொருகி, நான் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பிதுங்கிய கண்ணை இமையால் முழுவதும் மூட முடியவில்லை. அது எனக்கே அதுவரை தெரியாது.

“அங்கன இருக்கையில ராத்திரி நடுவுல முழிச்சுப் பாத்தா” என்று என் மனைவி தாயாரிடம் சொல்வது போலச் சொன்னாள், “என்னையவே முறைச்சுக்கிட்டுக் கெடப்பாக. மூச்சு வேற புசுபுசுன்னு கோவமா வரும். என்ன செய்யப் போறாகளோன்னு நான் அசையாமக் கெடப்பேன். தூங்குதாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்பல்லாம் கொறட்டையே கெடையாது.”

“ஏட்டி, இதை ஏன் சொல்லலை?” என்றார் மாமியார்.

“என்னன்னு சொல்ல? வெளிய சொல்லுத மாதிரியா இருக்கு?”

பிறகு மைத்துனன்தான் முதலில் சிரித்தான். “கொறட்டை விட்டுக்கிட்டே முறைக்குத ஆளை நான் இப்பத்தான் பாக்கேன்.” மாமியார் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை. ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து வந்து, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், என் கண்களின் மேல் போட்டாள். மணல் உறுத்துகிற மாதிரியான அந்த எரிச்சல் குளிர்ந்து அடங்கியது. துண்டுக்கு அடியில் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் இருந்தபடி நான் டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். யார் முகமும் தெரியாததால் வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. இந்தத் தடவை மைத்துனன் குறுக்கே பேசவில்லை.

“அப்ப கண்ணு இப்படியேதான் இருக்குமா?” என்று கடைசியில் அவள் கேட்டாள்.

“இருந்தாலும் இருக்குமாம்.”

அவள் எழுந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது. டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தமும் கேட்டது. நான் துண்டை எடுக்காமலே படுத்திருந்தேன்.

மழை விட்டதும் கிளம்பினோம். திருநெல்வேலி பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்து நின்றார்.

“என்னவே முறைக்கீரு? டிக்கெட்டு கேட்டது ஒரு குத்தமா?”

நான் வழக்கம் போலத் தரையைப் பார்க்கப் போனேன். அதற்குள் அவள் பெட்டியை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்:

“அவுக பார்வையே அப்படித்தான். தூங்கும்போதும் அப்படித்தான் பாப்பாக. ரெண்டு டிக்கெட்டு குடும்.”